பக்கத்திலிருந்து படிப்பவள்

என் பெரியம்மா மகள் கல்லூரியில் தட்டச்சு வேலை பார்க்கிறாள் என்று சொன்னால், எல்லோரும் அலுவலக அறையையும் கோப்புகளையும் நினைத்துக்கொள்வார்கள். அவள் வேலை வகுப்பறையில். காது கேளாத மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் பேசுவதை அப்படியே மடிக்கணினியில் அடிப்பாள். மாணவி பக்கவாட்டிலிருந்து திரையைப் பார்த்துப் படித்துக்கொள்வாள். பாடம் மட்டும் போதாது. ஆசிரியர் இருமினால் இருமல், கதவு அடித்துக்கொண்டால் கதவு, பின்வரிசையில் யாராவது சத்தமாகக் கொட்டாவி விட்டால் கொட்டாவி, எல்லாமே அடைப்புக்குறிக்குள் வரவேண்டும்.

"எத விடணும்னு முடிவு பண்றது என் வேலை இல்ல. காதுல விழுந்தா கையில வரணும், அவ்வளவுதான்" என்பாள் அக்கா.

மூன்று வருடம் ஒரே பெண்ணுக்கு அடித்தாள். கட்டடப் பொறியியல் படித்த, குள்ளமான பெண். அக்கா அவளை 'வாலு' என்றுதான் சொல்வாள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அக்காவின் விசைப்பலகையில் கை நீட்டி, "இவர் சட்டையில் இன்றைக்கும் சாம்பார்" என்பது போல ஏதாவது அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வாளாம். போன விடுமுறையில் வாலு காய்ச்சலில் இறந்துபோனாள். பதினோரு நாள்தான் படுத்திருந்தாள்.

அந்த வீட்டுக்கு நானும் அக்காவோடு போயிருந்தேன். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், கண்ணில் நீர் இல்லை. கைகள் மட்டும் முழங்கால்மேல் ஓடிக்கொண்டே இருந்தன. யார் என்ன சொல்லி அழுகிறார்கள் என்று அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடிக்குள்ளும் விரல்கள் நிற்கவில்லை.

நான்கு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தாள். பிறகு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், நாற்பது வயது, விபத்தில் காது போனவர், சட்டம் படிக்க வந்திருக்கிறார், திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம் என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கருவி அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. பழைய கணினி இரண்டரை கிலோ, கீல் வேறு உடைந்துவிட்டது. அதைச் சுமந்து சுமந்து அவள் வலது தோள் இறங்கியே போயிருந்தது. ஆகவே சிறியதாக, கனமில்லாமல், நடுத்தர விலையில் ஒன்று வாங்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் கடையில் காட்டியது ஒரு கிலோவுக்கும் கொஞ்சம்தான் மேலே. பதின்மூன்று அங்குலம். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், தடித்த நோட்டுப் புத்தகம் போல இருந்தது. மின்கலம் எட்டு மணி நேரம் தாங்கும் என்றார்கள். விலையும் கைக்குள் அடங்கியது. அக்கா இரண்டு வரி அடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலிக்கு இடது பக்கம் போய், முழங்காலை மடக்கிக் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"எழுத்து வெளுத்துப்போகுது" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். நேரே பார்த்தால் கறுப்பாக இருந்த எழுத்து, பக்கத்திலிருந்து சாம்பல் பூத்துக் கிடந்தது.

இரண்டாவது கடையில் திரை கண்ணாடி போலப் பளபளத்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்துக்குப் பதிலாகக் கூரை விளக்குதான் தெரிந்தது. மூன்றாவது கடையில் எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் விசிறி இரைந்தது. "யாருக்குக்கா இரைச்சல்? பக்கத்துல உக்காரப்போறவருக்குத்தான் காது கேக்காதே" என்று நான் சொல்லியிருக்கக்கூடாது. அக்கா அந்தக் கணினியை மூடி வைத்தாள். அடுத்து ஒன்றைக் காட்டினார்கள். அதில் விசைகள் நெருக்கமாக இருக்கின்றன என்றாள். அதற்கடுத்ததில் எதுவும் குறையில்லை. அதையும் குனிந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காரணம் சொல்லவில்லை.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "மேடம், எல்லாரும் நேரா உக்காந்து பாத்து வாங்குவாங்க. நீங்க என்ன, அடுத்த வீட்டு டிவிய ஜன்னல் வழியா பாக்குற மாதிரியே பாக்குறீங்க?" என்றார்.

வெளியே வந்ததும் அத்தான் போன் செய்தார். அவர் எப்போதும் ஒலிபெருக்கியில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "இன்னும் முடியலையா? மாட்டுச் சந்தையிலகூட இவ்வளவு நேரம் பல்லப் பிடிச்சுப் பாக்க மாட்டாங்க. பதினாறு ஜிபி இருக்கான்னு மட்டும் பாரு, மத்ததெல்லாம் ஒண்ணுதான்."

"பாக்கறேங்க" என்று வைத்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தோம். மணி நான்கு ஆகியிருந்தது. வலது ஓரத்தில் அவள் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். நான் அதைத் தாண்டி உட்கார்ந்தேன்.

"அக்கா, உனக்கு இந்த வேலை வேண்டாம்னா விட்டுடு. மெஷின் மேல ஏன் பழியப் போடுற?"

சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "கடைசி மாசம் ஒரு நாள் ஆசிரியர் அவள எழுந்து வாசிக்கச் சொன்னாரு. அவளும் வாசிச்சா. காது கேக்காதவங்க குரல் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல. பின்னாடி ஒரு பையன் அதே மாதிரி வாசிச்சுக் காட்டினான். கிளாஸே சிரிச்சுது. அவ உக்காந்துட்டு திரையப் பாத்தா, என்ன சத்தம்னு தெரிஞ்சுக்க."

"நீ என்ன அடிச்ச?"

"யாரோ பேனாவக் கீழ போட்டாங்கன்னு."

பேருந்து ஒன்று வந்து நின்று போனது.

"மூணு வருஷத்துல அந்த ஒரு வரிதான் பொய். அவ அதப் படிச்சா. அப்புறம் என் முகத்தப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் என் கீபோர்டுல கையே வைக்கல." அக்கா தன் விரல்களைப் பார்த்தாள். "இந்தக் கை இனி சரியா அடிக்குமான்னு தெரியல. அது தெரியாம அந்த மனுஷன் பக்கத்துல எப்படிப் போய் உக்கார்றது?"

நான்காவது கடை சிறியது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் பட்டியல் பார்த்து ஒரு கணினியை எடுத்துக் கொடுத்தார். ஒன்றேகால் கிலோ, பளபளப்பில்லாத திரை, விசிறியே கிடையாது. கொண்டுவந்த தொகைக்குக் கொஞ்சம் மேலே போயிற்று. கொடுத்துவிட்டு அவர் கூட்டாளியிடம் போய் நின்றுகொண்டார்.

அக்கா உட்கார்ந்து, ஒரு முக்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டாள். "நீ உக்காரு. காதப் பொத்திக்கோ. இங்க என்ன நடக்குதுன்னு நான் அடிக்கறேன், படி."

காதை அழுத்திப் பொத்திக்கொண்டேன். வெளியுலகம் உள்ளங்கைக்குள் இரைந்தது. திரையில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. (குளிரூட்டி உறுமுகிறது.) (வெளியே லாரி.) (யாரோ ரசீது கிழிக்கிறார்கள்.) கறுப்பாக, தெளிவாக இருந்தன.

அந்த இருவரும் எங்களைப் பார்ப்பது தெரிந்தது. ஒருவர் வாயசைத்தார். மற்றவர் தோள் குலுங்கியது. அக்காவின் கைகள் நின்றன. விசைகளுக்கு ஒரு விரற்கடை மேலே, அப்படியே. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்தாள்.

விற்பனையாளர் 1: இந்தம்மாவுக்கு லேப்டாப் வேணாம், வைத்தியம்தான் வேணும்.

விற்பனையாளர் 2: கூட வந்தது அதுக்கும் மேல, காதப் பொத்திக்கிட்டு.

(இருவரும் சிரிக்கிறார்கள். நம்மைப் பார்த்து.)

அடித்துவிட்டு இடது பக்கம் திரும்பினாள். படித்து முடித்தாயா என்று பார்க்கிற பார்வை. நான் தலையாட்டினேன். ஆனால் அவள் கண்கள் என் முகத்தில் இல்லை. என் தோளுக்கும் கீழே, குள்ளமான ஒருத்தியின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் நின்றன. நான் அசையவில்லை. முக்காலியில் எனக்கு இடம் போதாதது போல இருந்தது.

"இதையே குடுங்க" என்று எழுந்தாள்.

கணினியை மூட வந்த விற்பனையாளர் திரையைப் படித்தார். காது சிவந்துவிட்டது. "மேடம், சும்மா பேசிக்கிட்டோம்... புதுசா பெட்டியில இருக்கறத எடுத்துத் தரேன்" என்றார். விலையில் கொஞ்சம் குறைக்கவும் செய்தார். ரசீது போடுகிற நேரத்தில் அக்கா கல்லூரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன் என்றாள்.

தெருவில் நடந்தோம். பெட்டியை அவள் என்னிடம் தரவில்லை.

"நான் அடிச்சதப் படிச்சிட்டுத் தலையாட்டுன இல்ல?"

"ஆமாக்கா."

"ரெண்டு தடவை ஆடுறது தெரிஞ்சுது. ரெண்டும் நீயா?"

"ஒரு தடவைதான்."

அவள் நடையை நிறுத்தவில்லை. மெதுவாக்கினாள். பக்கத்தில் நடக்கிற யாரோ பின்தங்கிவிடக்கூடாது என்பது போல.