நூலளவு தண்ணீர்

டார்லின் எட்சிட்டி குழாயைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. தொட்டுவிட்டு வடக்கு வானத்தைப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் தொடுவாள். போட்டுக் கொடுத்து ஒரு வருடமான குழாய் என்றாலும், அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்தாமல் இருக்க அவளால் முடியாது.

அமெரிக்கப் பழங்குடியான நவஹோக்களின் நிலத்தில் குழாய் இல்லாத வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலை. வாசலில் பெரிய தொட்டியைப் புதைத்து, சோலார் மோட்டார் வைத்து, அடுப்படியில் சிங்க் பொருத்தித் தருவாள். முதல் தண்ணீர் விழும்போது வீட்டார் சிரிப்பார்கள், அழுவார்கள். அவள் மட்டும் சிங்க்குக்கு அடியில் குனிந்து கசிவு தேடிக்கொண்டிருப்பாள்.

ஹெர்பர்ட் அட்டகாய் வீடுதான் அவளுக்குப் பெரிய கவலை. நாலடி தோண்ட வேண்டிய இடத்தில் இரண்டடியிலேயே பாறை. குழாயைப் பஞ்சு பொதிந்துதான் மூடினாள். கடுங்குளிர் இரவில் குழாயை நூலளவு திறந்து வைக்காவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். உறைந்த தரை இளகும்வரை கிழவருக்குப் பழையபடி பீப்பாயில் சுமந்த தண்ணீர்தான். ஆனால் கெட்டதை வாய்விட்டுச் சொன்னால் அதை அழைத்ததாகிவிடும் என்பார்கள் அவள் ஆட்கள்; அதனால் வெடிக்கும் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வராது. அவரோ இருபது மைல் போய்த் தண்ணீர் சுமந்தே எழுபத்தைந்தைத் தொட்டவர். அவள் அம்மாவின் குலத்தார், மாமா முறை. ஒரு சாயங்காலம் அவர் அடுப்படியில் நின்று சொன்னாள்:

"மாமா, இன்னிக்குக் காத்து வடக்கேருந்து வருது. குழாயை நூல் மாதிரி ஓட விடுங்க."

"தண்ணிய ஓட விடுறதா? நல்லாத்தான் இருக்கியா நீ?"

"விடிய விடிய அது பேசிக்கிட்டே இருக்கணும் மாமா. வாயை மூடிடாதீங்க."

"ஓகோ, உன்னை மாதிரியே செஞ்சு வச்சிருக்கியா!" என்று சிரித்து, ஹெர்பர்ட் குழாயை இறுக்கி மூடினார்.

அவள் மறுபடி திறந்தாள். அவர் நூலாய் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போனதும் மூடிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று இரவு அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்தும் விடியாததுமாக வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் கண்ணாடியில் பனி அப்பியது, அவள் சுரண்டிக்கொண்டே ஓட்டினாள். வெடித்திருக்குமோ என்று நினைக்கக்கூடப் பயந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. காபிக் கெண்டி, ஆட்டுக்கறி வேகும் குண்டான், மாவு டின், அவர் ரயில்வேயில் தண்டவாளம் போட்ட காலத்துச் சாப்பாட்டு டப்பா, எல்லாவற்றிலும் விளிம்பு தட்டத் தண்ணீர். மூலையில் பழைய நீலப் பீப்பாயும் நிறைந்திருந்தது. சிங்க் அருகே நாற்காலியில் ஹெர்பர்ட், கண் சிவந்து, குழாய்க்கு அடியில் ஒரு குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நூல் அறுபடாமல் விழுந்துகொண்டிருந்தது.

"பேச விட்டேன், பார்த்துக்க. வீணா சாக்கடைக்குப் போக விடல, அவ்ளோதான்."

டார்லின் பாத்திரங்களைத் தாண்டித் தாண்டிச் சிங்க் அருகே வந்தாள். கையுறையைக் கழற்றினாள். குழாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த குவளையை, ஒரு சொட்டும் தவறாமல், தன் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.