முப்பது மில்லி ஓட்டை

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. மேசை ரம்பத்தில் எந்த பிளேடு எந்தத் தண்டில் உட்காரும் என்பது பேய்களுக்கும் தெரியும்.

சிரிக்க வேண்டாம். இந்தோனேசியாவின் ஜெபாராவில், எங்கள் முதலாளியம்மா இபு கஸ்மிராவின் தேக்குப் பட்டறையில், எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே ரம்பம் என் கையில்தான். அந்த வாரம் புது பிளேடு வந்தது. பன்னிரண்டு அங்குலம். அளவு சரி, ஆனால் நடு ஓட்டை முப்பது மில்லி. எங்கள் மெஷினின் தண்டு இருபத்தைந்து. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நீதிபதி போலத் தீர்ப்புச் சொன்னேன்:

"இது இந்த மெஷினுக்கு ஆகாது."

உதவியாள் பையன் வாகிமின், தன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வந்து எட்டு மாதம்கூட ஆகாதவன், என்னை 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"பாக் தர்சோனோ, நடுவுல ஒரு வளையம் போட்டா உக்காந்துடுமே?"

பட்டறையே சிரித்தது. இபுவும்தான். சிரித்து முடித்துச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் வெட்டிக் காட்டு, வாகிமின். சரியா வந்தா இனிமே ரம்பம் உன்கிட்ட."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் விரல் போகவேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. பேர் போனால் போதும். வளையம் இல்லாவிட்டால் பிளேடு ஆடும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனபின் பின்கதவு வழியாக நுழைந்தேன். மணி 12:04. பிளேடு மெஷினில் மாட்டியிருந்தது. பளபளவென்று.

12:07. நட்டைக் கழற்றினேன். வளையத்தை உருவிச் சட்டைப்பையில் போட்டேன். நட்டை மறுபடி முடுக்கிவிட்டுத் திரும்பினேன்.

க்ளிங்.

குனிந்து பார்த்தேன். வளையம் ஓட்டைக்குள் இருந்தது. சட்டைப்பை காலி.

12:11. மறுபடி உருவினேன். இந்தத் தடவை வளையத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

க்ளிங்.

கையில் ஒன்றுமில்லை...

12:14. மூன்றாவது தடவை ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். அப்போதுதான் உறைத்தது.

நட்டைத் திருகினால் பிளேடும் கூடவே சுற்றும். அதனால் எப்போதும் கட்டை வைத்து முட்டுக் கொடுப்போம்.

நான் முட்டுக் கொடுக்கவில்லை.

பிளேடு சுற்றவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்...

கையை எடுத்தேன்.

ஸ்பேனர் விழவில்லை.

மெல்லத் திரும்பியது... தானாக...

ஓடினேன்.

12:52. எல்லாரும் வந்தபோது வாசலில் நின்றிருந்தேன். வாகிமின் பைக்கை நிறுத்தினான். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"என்ன பாக், வயித்துவலிக்கு இவ்வளவு வேர்வையா? இல்ல, என்னை நினைச்சா?"

"பிளேடை... எப்ப மாட்டினே?"

"எங்க மாட்டினேன்? நேத்தே லேத்துக் கடையில குடுத்தேன். வளையம் இப்பத்தான் கடைஞ்சு முடிச்சாரு."

பொட்டலத்தைப் பிரித்தான். பிளேடு. அதன்மேல் புது வளையம்.

உள்ளே போய்ப் பார்த்தோம். தண்டு வெறுந்தண்டு. நட்டு மட்டும் அதன்மேல் ஏறி, எதையோ பிடித்தாற்போல இறுகியிருந்தது. நட்டுக்கும் தண்டின் அடி விளிம்புக்கும் நடுவே ஒரு பிளேடு தடிமனுக்கு வெறும் காற்று. மூன்று பேர் ஸ்பேனரில் தொங்கியும் நட்டு அசையவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். தண்டும் போயிற்று.

இபு புது மெஷின் வாங்கி, ரம்பத்தை எனக்கும் இல்லாமல் வாகிமினுக்கும் இல்லாமல் தன் மருமகனிடம் கொடுத்துவிட்டார்.