வலது காதுக்கு மேலே

கதை விடுகிறான் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இது என் கைக்கு அடியிலேயே நடந்தது. போன மாசி மாதம், பட்டப்பகலில்.

இராமேஸ்வரத்தில் மண்டையைத் தடவிக் குணம் சொல்வது என் தொழில். இருநூறு வருடங்களுக்கு முன் வியன்னாவில் ஒரு டாக்டர் ஆரம்பித்து வைத்தது. ஒவ்வொரு குணத்துக்கும் மூளையில் தனி இடமாம். அது வளர்ந்தால் மண்டை புடைக்குமாம். பிறகு பேச்சாளர்கள் கோடு போட்ட பொம்மைத் தலையோடு ஊர் ஊராகப் போனார்கள். வேலைக்கு ஆள் எடுக்கக்கூட மண்டை பார்த்தார்கள். விஞ்ஞானம் அதை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டது. நான் பொறுக்கிக்கொண்டேன். மொட்டை போட வருகிற ஊரில் இதைவிடத் தோதான பிழைப்பு உண்டா? யூடியூபில் வேறு பிரபலமாகிவிட்டேன்.

தை மாதம் லாட்ஜ் முதலாளி காளீஸ்வரன் கூப்பிட்டார். தங்க வந்தவரின் சங்கிலியைக் காணோம். எந்நேரமும் ஈரக் கையோடு அறை கழுவித் துடைக்கும் வீரலட்சுமி மேல் சந்தேகம். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டிருந்தாள். தொட்டேன். வலது காதுக்கு மேலே நல்ல புடைப்பு. திருட்டுக் குணத்தின் இடம் அதுதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவள் முதலாளியை ஒரு முறை பார்த்தாள்.

"நல்லா அமுக்கிப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

நேரமில்லை என்று கிளம்பிவிட்டேன். அன்றே அவளைத் துரத்திவிட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து, என் கடையில், மதியம் 2.40. மின்விசிறி நின்றது. தெருச் சத்தம் அடங்கியது. சொட்... சொட்... என்று எங்கோ தண்ணீர். நிமிர்ந்தேன். முக்காலியில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலை.

பழக்கதோஷத்தில் கையை வைத்தேன்.

ஐஸ்.

வலது காதுக்கு மேலே புடைப்பு... என் விரலுக்கடியில் வளர்ந்தது. கையை எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

"நல்லா அமுக்குங்கண்ணே. இன்னைக்கி நேரம் இருக்குல்ல?"

விரல்கள் தானாக அமுக்கின. க்ரக்...

வலி, என் தலையில்.

2.44. மின்விசிறி சுற்றியது. முக்காலியில் யாருமில்லை.

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. எப்போது அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். இல்லை, ஆறு வாரமாவது இருக்கும் என்றார்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு உமாமகேஸ்வரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீரலட்சுமியோடு லாட்ஜில் வேலை பார்த்தவள்.

"ஒங்களக் கூப்புடுறதுக்கு முந்தி மொதலாளி அவள பூட்டால மண்டையில அடிச்சாரு. நீங்க தொட்டுப் பாத்தது அந்த வீக்கத்தத்தான். மூணாம் நாளு செத்துப்போனா."

கொஞ்சம் அமுக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பாவி நான்.

முதலாளியும் அதே மத்தியானத்திலிருந்து படுத்த படுக்கையாம். ஈரக் கையோடு யாரோ தன் மண்டையைத் தடவுவதாக அலறுகிறாராம்.