இருபது தொப்பிகள்

எங்கள் சேவைச் சங்கத்தில் முப்பத்துநான்கு உறுப்பினர்கள். மாதாந்திர விருந்துக்கு இருபத்தெட்டுப் பேர் வருவார்கள். கண் சிகிச்சை முகாமுக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க வேண்டுமென்றால் ஐந்து பேர். அதிலும் ஒருவருக்குத் திருக்கழுக்குன்றத்தில் சொந்த வேலை இருக்கும், வழியிலேயே இறங்கிக்கொள்வார். ஆக, நான்கு.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு எண்ண எதுவும் இல்லாமல், மனைவி தோசைக்கு ஊற்றும் கரண்டிகளை எண்ண ஆரம்பித்தேன். நான்காம் நாள் அவளே என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள். சேவை மனப்பான்மையால் சேர்ந்தவர் என்று தலைவர் மேடையில் என்னை அறிமுகப்படுத்தினார். நான் மறுக்கவில்லை.

முகாம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் நடந்தது. மேடையில் பதினாறு நாற்காலிகள். எங்கள் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தலைவர், முன்னாள் தலைவர் ஆன எவரும் அதன் பிறகு தரையில் உட்கார்வதில்லை. ஒருவருக்கொருவர் சால்வை போர்த்தி முடிக்க ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. கண் காட்ட வந்த பெரியவர்கள் பந்தல் நிழல் நகர நகர நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சிலர் மூன்று முறை.

கடைசியில் இருபது பேருக்குப் புரை இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுவாரம் சனிக்கிழமை வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அறுவை சிகிச்சை முடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பொறுப்பாளர் நான்.

அந்த இருபதில் ஒருவர் வலையின் கிழிசல் தைக்கிறவர். அவர் மனைவி மீன் விற்கிறவள். அவள் மட்டும் சம்மதிக்கவில்லை.

"இந்த ஆளுக்குப் பேச்சுத் துணை கெடைச்சாப் போதும் சார், எங்க போறோம்னே தெரியாம பின்னால பூடுவாரு. கருவாடு வாங்க வந்தவனோட பேசிக்கினே பஸ் ஏறி உங்க செங்கல்பட்டு வரைக்கும் பூட்டாரு. கண்ணும் தெர்ல, கையில போனும் கெடையாது. எவன் பொறுப்பு?"

"நான் பொறுப்பும்மா. இருபது பேரைக் கூட்டிட்டுப் போனா இருபது பேரைக் கொண்டாந்து விடுவேன். என் சர்வீஸ்ல ஒரு மூட்டை குறைஞ்சதில்லை."

"மூட்டை எறங்கி நடக்காது சார்" என்றாள்.

அவர் குறுக்கே புகுந்தார். "வலைல கிழிசல் எங்க கீதுன்னே தெர்ல. தடவித் தடவி விரல்தான் கிழியுது. அனுப்பேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள ஆளு வூட்ல இருக்கணும்."

தொப்பி விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சங்கத்தின் பெயர் அச்சிட்ட மஞ்சள் தொப்பிகள் இருபது வாங்கியிருந்தோம். புறப்படும்போது இருபது பேருக்கும் மாட்டிவிட்டு ஃபோட்டோ எடுத்தோம். எடுத்த கையோடு செயலாளர் தொப்பிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளைக்குத் திரும்பும்போது ஒரு ஃபோட்டோ இருக்கு சார். தலையில விட்டா அழுக்காயிடும்." எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அறுவை சிகிச்சை எல்லாருக்கும் நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை கட்டுப் பிரித்து, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்து வராந்தாவில் உட்காரவைத்தார்கள். அதே வராந்தாவில் இன்னொரு சங்கத்தின் நோயாளிகளும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டால் மனிதர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. செயலாளர் அவசரமாக வந்து, பையைத் திறந்து, கைக்கெட்டிய இருபது தலைகளில் தொப்பியை மாட்டினார். ஃபோட்டோ எடுத்தார். நான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில், இருபது பேரையும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். வேனில் ஏறும்போது ஒரு முறை எண்ணினேன். உட்கார்ந்த பிறகு ஒரு முறை. இரண்டு தடவையும் இருபது.

மதியம் ஒரு மணிக்குக் குப்பத்தில் வேன் நின்றது. ஒவ்வொருவராக இறங்க, வீட்டார் கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். பத்தொன்பது பேர் போன பிறகு அவள் வந்து நின்றாள்.

"எங்க சார் எங்க வூட்டுக்காரரு?"

"இதோ, ஜன்னலோரமா உக்காந்திருக்காரேம்மா."

எட்டிப் பார்த்தாள். "இது யாரு?"

"கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காரில்ல, அதான் உனக்கு அடையாளம் தெரியலை."

"யோவ், முப்பத்தெட்டு வருசமா சோறு போட்றேன். கண்ணாடி போட்டா மூக்குமா மாறிப்பூடும்?"

ஜன்னலோரத்து மனிதர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாத்த, இது எந்த ஊரு?"

சொன்னேன்.

"நமக்குக் கடப்பாக்கமாச்சே."

"அப்புறம் ஏன்யா எங்க வண்டியில ஏறினீங்க?"

"தொப்பி மாட்டி வுட்டாங்க. ஏறுன்னாங்க. ஏறினேன். நேத்து வந்ததவிட வண்டி நல்லா கீதேன்னு நெனச்சுக்கினேன்."

அவள் வேனின் தகரத்தில் ஓங்கி அறைந்தாள். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து விழுந்தது. "எண்ணிக் கொண்டாந்து வுட்றேன்னியே! இன்னாத்த எண்ணின? தொப்பியவா?"

தொப்பியைத்தான் எண்ணியிருக்கிறேன். அரைக் கண்ணோடு, கையில் போன் இல்லாமல், ஒருவர் எங்கோ இருந்தார். பதிவேட்டின்படி, என் கையெழுத்தின்படி, அவர் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வராந்தா காலி என்றார்கள். கடப்பாக்கத்துக்காரரின் சட்டைப்பையில் இருந்த முகாம் அட்டையில் அந்தச் சங்கத்துச் செயலாளரின் எண் இருந்தது.

"எங்ககிட்ட தப்பே வராது சார்" என்றார் அவர். "பதினெட்டுப் பேர் போனாங்க, பதினெட்டுப் பேர் வண்டியில இருக்காங்க. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"நானும் ரெண்டு தடவை எண்ணினேன். எங்களுக்கும் சரியாத்தான் இருக்கு."

இரண்டு பக்கமும் கணக்கு சரி.

"எதுக்கும் வண்டியில கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

அவர் கேட்பது போனில் விழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரலும் விழுந்தது. "நான்தான் சார் அது. இவரோட நண்டு வலையப் பத்திப் பேசிக்கினே ஏறிட்டேன். அப்பாலதான் வேற வண்டின்னு தெரிஞ்சுது. எறங்கறேன்னேன். ஒக்காரு ஒக்காரு, கணக்கு தப்பிப்பூடும்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "யோவ், ஒக்காந்த எடத்த வுட்டு எழுந்த, அவ்ளோதான்!" என்று கத்திவிட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

நடுவழியில், கூவத்தூரில் ஒரு டீக்கடை முன்னால் மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. எங்கள் தலைவருக்குத் தகவல் சொன்னேன். முதலில், விஷயம் வெளியே போகக்கூடாது என்றார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, பேனரோடு வருகிறேன் என்றார்.

கிளம்புவதற்குள் அவள் கடப்பாக்கத்துக்காரரைத் தன் வீட்டு வாசலில் உட்காரவைத்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அவர் கண்ணில் மருந்து விட்டாள். பிறகு சங்கரா மீன் குழம்போடு சோறு போட்டாள். அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. வேனில் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, கூவத்தூர் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாலரை மணிக்கு அவர்கள் வண்டி வந்தது. வலைக்காரர் டிரைவரோடு பேசியபடியே, முகத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டே இறங்கினார். கையில் புதுப் போர்வை. "அவங்க போர்வை குடுக்கறாங்க சார். நீங்க பன்னுதான் குடுத்தீங்க" என்றார் என்னிடம்.

அவள் அவரைத் திட்டவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வளையலு எத்தினி கீது, சொல்லு."

கண்ணாடிக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தார். "நாலு." பிறகு, "அஞ்சு போட்டிருந்தியே, ஒண்ணு எங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீக்கடைப் பாய்லரைப் பார்த்தேன்.

அதற்குள் இரண்டு தலைவர்களும் பேனருக்கு முன்னால் கைகுலுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆண்டறிக்கையில் அந்த டீக்கடை 'இரு சங்கங்கள் இணைந்து நடத்திய சேவைத் திட்டம்' என்று வந்திருக்கிறது. பயனாளிகள் முப்பத்தெட்டு.

வலைக்காரரின் இன்னொரு கண்ணுக்கு அடுத்த முகாமில் தேதி கிடைத்தது. பொறுப்பாளர் மறுபடியும் நான்தான், வேறு யாரும் கை தூக்கவில்லை. இந்த முறை பட்டியலை வைத்து, பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து ஏற்றினேன். எல்லாரும் ஏறிய பிறகு எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று.

முதல் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுத் தூக்கு. புருஷனின் சட்டை நுனி அவள் கைக்குள். தலையில் மஞ்சள் தொப்பி.

"உன் பேரு பட்டியல்ல இல்லையேம்மா" என்றேன்.

"நீ உன் இருபத எண்ணு சார். நான் என் ஒண்ண எண்ணிக்கிறேன்."

தொப்பி ஒன்று குறைகிறதென்று செயலாளர் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.