ஆத்துமப் பாடகி பாடிய மூன்று பிளேட்டுகள்

பாறசாலைக்குத் தெற்கே இருந்த எங்கள் கிறிஸ்தவ சபையில் நான் பாடினால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அது என் குரலாலா, பாட்டாலா, அவரவர் வீட்டுச் சங்கதியாலா என்று நான் யோசித்ததில்லை. மலையாளப் பள்ளி ஒன்றில் கீழ் வகுப்பு டீச்சராக இருந்தேன். கணவர் வேறொரு பள்ளியில் தமிழ் வாத்தியார், ஞானப்பாட்டுகள் எழுதுவார். சபைகள் கூடும் கன்வென்ஷன் பந்தலில் நான் பாடக் கேட்ட மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், ஆறு பாட்டுகள் பாடித் தரச் சொல்லிக் கடிதம் போட்டார்.

எல்லைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழ் பேசும் தாலுகாக்களை மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம், விடமாட்டோம் என்று இன்னொரு பக்கம் ஊர்வலம். கணவர் முதல் கட்சி. நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் தமிழிலும் வகுப்பில் மலையாளத்திலும் பேசிக்கொண்டிருந்தேன். எங்கே மாறுகிறேன் என்பது எனக்கே தெரியாது.

மெட்ராஸ் ஸ்டுடியோவில் சுவரெல்லாம் சாக்குத் துணி அடித்திருந்தார்கள். ஒரு மைக், ஆர்மோனியம், வயலின், தபலா. சிவப்பு விளக்கு எரிந்ததும் பாட வேண்டும், பிளேட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும்படி மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு பாட்டு கால் மணி நேரம் போகும். ‘ஏழைக்கும் ஒரு வாசல் உண்டு’ என்ற வரியில் அந்த ‘உண்டு’வை நான் ஆறேழு தரம் சுற்றி இழுப்பேன். இரண்டு சுற்றோடு நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். பாடி முடித்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கையை உயர்த்தினார். நல்லது என்றாரா, போதும் என்றாரா என்று ரயிலில் ஊர் வரும்வரை நானும் கணவரும் பேசிக்கொண்டு வந்தோம்.

மூன்று பிளேட்டுகளையும் புத்தகம் போன்ற அட்டையில் வைத்து அனுப்பினார்கள். அதற்கு ஆல்பம் என்று பெயர். அட்டையில் என்னை ‘ஆத்துமப் பாடகி’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஒரு மாதத்துக்குள் இரண்டு பத்திரிகைகளில் விமர்சனம் வந்தது. நாகர்கோவிலிலிருந்து வந்த தமிழ் வாரப் பத்திரிகை, குரல் இனிது, ஆனால் உச்சரிப்பு முழுக்க மலையாள வாடை என்றது. அந்த ‘உண்டு’வை எடுத்துக்காட்டி, தமிழன் நாவில் இப்படி வராது என்று எழுதியிருந்தது. திருவனந்தபுரத்து மலையாளப் பத்திரிகை, இந்த மண்ணில் சம்பளம் வாங்கும் ஆசிரியை தமிழ்க் கட்சிக்குப் பாட்டுப் பாடியிருக்கிறார் என்றது. அதுவும் அதே ‘உண்டு’வைத்தான், தமிழ் இழுப்பு என்று எடுத்துக்காட்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து நான் பலமுறை படித்தேன். பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்று இரண்டிலும் தேடினேன்.

“நீ பாடினது சுத்தத் தமிழாக்கும். அவனுக்கு என்ன தெரியும்?” என்றார் கணவர். ஆனால் அன்று மாலை பிளேட்டைப் போட்டு அந்த வரியை மட்டும் மூன்று தரம் கேட்டார்.

அதற்கடுத்த வாரம் களியக்காவிளைச் சந்தைப் பக்கம் தமிழ்க் கட்சியின் கூட்டம் தொடங்கும்முன் ஒலிபெருக்கியில் என் பிளேட்டைப் போட்டார்கள். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. சிலருக்கு அடி விழுந்தது. மறுநாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவரல்ல, என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் மாட்டுவண்டியை அனுப்பியவர்.

“டீச்சர் ஆ யோகத்தில் பாடியோ?” என்று கேட்டார், அந்தக் கூட்டத்தில் பாடினேனா என்று.

நான் போகவேயில்லை, பிளேட்டுதான் பாடியது என்றேன். அதை எழுதித் தரச் சொன்னார். ‘கூட்டத்தில் கேட்ட குரல் என்னுடையது; ஆனால் நான் அங்கே இல்லை’ என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது பொய் சொல்வதுபோல இருந்தது. அவர் படித்துவிட்டு மேசைக்குள் வைத்தார், மேலே அனுப்பவில்லை.

விளவங்கோடு பக்கம் ஒரு கலியாண வீட்டில், நாகர்கோவில் பத்திரிகையில் எழுதியவரைச் சந்தித்தேன். பந்தியில் என் கணவர் அவரை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நேரே போய், நான்தான் அந்தப் பாடகி என்றேன். மெலிந்த மனிதர், கை கழுவிய ஈரம் காயவில்லை. சட்டென்று எழுந்து நின்றார்.

“டீச்சர், அந்தப் பாட்டைக் கேட்டு நானும் வீட்டுக்காரியும் அழுதோம். அவ இப்பவும் தினமும் போடச் சொல்லுவா” என்றார்.

பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“இந்த நேரத்துல நல்லாருக்குன்னு மட்டும் எழுதினா, இவன் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. குத்தம் ஒண்ணு வேண்டியிருந்துது. தேடினேன், அது கெடச்சுது.”

அப்படியென்றால் அந்த உச்சரிப்பு சரிதானா என்றேன். “இல்ல டீச்சர், அது மலையாளம் போலத்தான் உண்டு” என்றார். பேச்சு வேகத்தில் ‘இருக்கு’ என்பதற்கு அவர் வாயிலிருந்தும் எங்கள் ஊர் ‘உண்டு’தான் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கோபப்பட வேண்டியவள் அவருடைய மனைவியை விசாரித்துவிட்டு வந்தேன். திரும்பும்போது கணவர் பஸ்ஸில் தனியாகப் போய் முன்னால் உட்கார்ந்தார்.

பிறகு எல்லை போட்டார்கள். விளவங்கோடு மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றோம். அடுத்த ஆல்பத்துக்கு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரும்படி கம்பெனி எழுதியது. எந்தப் பக்கமாகத் திருத்த வேண்டும் என்று கேட்டுப் பதில் எழுதினேன். கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

சபையில் தொடர்ந்து பாடினேன். ஆனால் ஓரிரு வருடம், பாடும்போதே என் குரலைத் தள்ளி நின்று கேட்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த வரி வரும்போது சில நாள் இரண்டு சுற்று, சில நாள் ஏழு சுற்று. பெண்கள் இரண்டுக்கும் அழுதார்கள்.