மே ஒன்றாம் தேதி, பெண் குரல்

செய்தித்தாளின் உள்பக்கத்தில் ‘இதே நாளில்’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். எந்தப் பாடகர் பிறந்தார், எந்தப் பாட்டு ஒலிப்பதிவானது, எந்தக் குழு கலைந்தது என்று நாலு வரி போட்டிருப்பார்கள். மே ஒன்றாம் தேதி வந்தால் அந்தக் கட்டத்தை நான் விடாமல் படிப்பேன். எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் மேடையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. இருக்கும் என்று நினைத்துப் படிப்பதும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மெல்லிசை எப்படி எப்படி மாறியது என்று யாராவது கேட்டால் அந்த ஒரு தேதியை வைத்தே சொல்லிவிடுவேன். எங்கள் குழு வருடம் தவறாமல் மேடை ஏறிய நாள் அது ஒன்றுதான்.

நான் பாடகன் இல்லை, அறிவிப்பாளன். பகலில் அதே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. “இவன் வாய்க்கு சுவிட்சு எங்க கீதுன்னே தெரியலபா” என்று பட்டறையில் சொல்வார்கள். அந்த வாயைக் குழுவின் மாஸ்டர் பயன்படுத்திக்கொண்டார். அவர் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர், திருநெல்வேலிக்காரர், அக்கார்டியன் வாசிப்பார். கிதாருக்குச் சுருதி சேர்க்கிற நேரத்தில், மைக் கரகரக்கிற நேரத்தில், நான் போய் நிற்க வேண்டும். “போன வருஷம் இதே மே ஒண்ணாம் தேதி, இதே மேடையில” என்று ஆரம்பித்துவிடுவேன். ஜனங்களும் தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறேன்.

மே தினத்தன்று காலையில் கொடியேற்றம், சாயங்காலம் பொதுக்கூட்டம். தொழிற்சங்கத் தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் இருக்கத்தான் பாட்டு. வெயில் தாழ்ந்ததும் ஆரம்பிப்போம். தலைவர் கார் மைதானத்து முனையில் திரும்பினால் எந்தப் பாட்டு எந்த வரியில் இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கோஷம் போட வேண்டும். அதுதான் ஏற்பாடு. எங்களில் யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே ஒன்றாம் தேதிதான் மேடைக்கு முதல்முதலாக கீபோர்டு வந்தது. மடக்குக் காலை விரித்து அதன்மேல் வைத்தபோது முன்வரிசையில் ஒருவர், “இன்னாபா, இஸ்திரி போட்ற மேஜைய தூக்கினு வந்துட்டாங்க” என்றார். இன்னொரு வருடம் எக்கோ மைக். “சொன்னதையே திருப்பிச் சொல்லுது, எங்க சூப்பர்வைசர் மாதிரி” என்றது ஒரு குரல். அதற்கும் பிறகு தாளம் போடுகிற பெட்டி வந்தது. எங்கள் தபேலாக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இவன் சோறு கேக்க மாட்டான், லீவும் கேக்க மாட்டான். நான் கெளம்பறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் போனார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

இதெல்லாம் சாமான்களின் வரலாறு. ஆளின் வரலாறு என்று ஒன்று உண்டு. அது எங்கள் ஃபிட்டருடையது.

அவரும் எஸ்டேட் ஆள்தான். கொரட்டூரில் வீடு. குழுவில் மராக்கஸ் குலுக்குவார். உள்ளே மணி போட்ட இரண்டு குடுக்கை, அவ்வளவுதான் வேலை. குழு மேடையேறிய முதல் மே தினத்தன்று, பாட ஒப்புக்கொண்டிருந்த பெண் வரவில்லை. மாஸ்டர் கையைப் பிசைந்தார். டூயட்டில் ஆண் குரல் பாடி முடித்துவிட்டது, அடுத்த வரி அந்தரத்தில் நிற்கிறது. அப்போது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் அந்த வரியை எடுத்தது. மெல்லிசான, சுத்தமான குரல். கூட்டம் எழுந்து நின்று தேடியது. பெட்டிக்குப் பின்னால் மீசையும் காக்கிச் சட்டையுமாக ஃபிட்டர், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். விசில் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அன்றோடு மாஸ்டர் பெண் குரலுக்கு ஆள் தேடுவதை விட்டுவிட்டார்.

அன்றைக்கு ஃபிட்டரின் மனைவியும் வந்திருந்தார். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்திருக்கிறார்கள். “இன்னாக்கா, உன் ஊட்டுக்காரரு பொடவைய எங்க வெச்சிகீறாரு?” என்று ஒருத்தி கேட்டாளாம். பாட்டு முடிவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறபோது ஃபிட்டர் என்னிடம் சொன்னார். “மாமே, அவ இன்னா சொல்றா தெரியுமா? மேடையில ஒருத்தி, ஊட்ல ஒருத்தின்னு ரெண்டு பேரை வெச்சிகினு கீறியாம். அவ பாடற எடத்துக்கு இவ வரமாட்டாளாம்.”

“வேற எப்பத்தான் வருவாங்களாம்?”

“நீ உன் குரல்ல பாடற அன்னிக்குச் சொல்லு, தல நெறைய பூ வெச்சிகினு வரேன்றா. அதுவரைக்கும் அவளை வாசப்படி தாண்டி உள்ள கூட்டிகினு வராதன்னுட்டா.”

சொன்னபடியே அந்த அம்மாள் நடந்துகொண்டார். வீட்டில் ஒரு வரி முணுமுணுத்தாலும் பாத்திரம் உருளும். ஃபிட்டர் காலை ஷிப்டுக்கு முன்னால் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போய், மதகுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகினார். எதிர்க்கரையில் ஒருவர் எருமை குளிப்பாட்டுவார். ஒரு நாள் அவர் என்னை நிறுத்தி, “அந்தாண்ட தெனம் ஒரு பொம்பள பாடுது நைனா. ஊட்ல இன்னா கஷ்டமோ” என்றார். போய்ப் பார்க்கலாமே என்றேன். “நம்ம போய் நின்னா தப்பா நெனைக்கும். அது மனசு ஆர்ற வரைக்கும் பாடட்டும்” என்றார். வருடக்கணக்காக அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. நானும் சொல்லவில்லை. ஒருவர் இவ்வளவு மரியாதையாக நினைத்துக்கொண்டிருப்பதை நாம் எதற்குக் கலைக்க வேண்டும்.

ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் ஒத்திகையில் ஃபிட்டர் மாஸ்டரிடம் போய் நிற்பார். “மாஸ்டர், இந்த வாட்டியாவது ஆம்பள குரல்ல ஒண்ணு.”

மாஸ்டர் அக்கார்டியனை மடியில் இருந்து இறக்காமலே சொல்வார். “ஆம்பிளைக் குரலுக்கு இங்க வரிசை கட்டி நிக்கானுவ. பொம்பிளைக் குரலுக்கு நீரு ஒருத்தர்தான். உமக்கு அது எதுக்குவே?”

எதற்கு என்று ஃபிட்டர் சொன்னதில்லை. குடுக்கைகளை எடுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். சாயங்காலம் என்னிடம் மட்டும், “இந்த வருஷமும் பூக்காரிக்கு வேல இல்ல மாமே” என்பார்.

அவர் பெயர் பரவியது. பூந்தமல்லியில் இருந்து ஒரு கல்யாண வீட்டார் தேடி வந்தார்கள். ஒலிபெருக்கியில் தூரத்தில் இருந்தே கேட்டிருக்கிறார்கள், ஆளைப் பார்த்ததில்லை. அத்தர் வாசனையோடு வந்த பெரியவர், “பாடுற பொண்ணோட வாப்பாவப் பாக்கணும்” என்றார். மாஸ்டர் ஃபிட்டரைக் காட்டினார். பெரியவர் ஃபிட்டரிடம், “பொண்ண நல்லா வளத்திருக்கீங்க” என்றார். ஃபிட்டர் கும்பிட்டார். உண்மையைச் சொன்ன பிறகு பெரியவர் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, “அல்லா யாருக்கு எதை எங்க வைக்கிறான்னு யாரு கண்டா” என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கல்யாணத்திலும் ஃபிட்டர் பாடினார். அதற்கும் மனைவி வரவில்லை.

தொண்ணூறுகள் தொடங்கின. ஆவடியில் இருந்து நிஜமாகவே ஒரு பெண் வந்து குழுவில் சேர்ந்தது. படித்த பெண், தட்டச்சு வேலை. அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வரும். நன்றாகவே பாடியது. மாஸ்டர் ஃபிட்டரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“கேட்டுக்கிட்டே இருந்தீரே, இந்த மே தினத்துக்கு உமக்கு ஒரு சோலோ. ஆம்பிளைக் குரல்ல. திருப்திதானா?”

ஃபிட்டர் குடுக்கைகளை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். “அப்ப டூயட்டு?”

“அதான் அந்தப் பிள்ளை இருக்கே.”

கேட்டது கிடைத்துவிட்டது, கையில் இருந்தது போய்விட்டது. எது பெரியது என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் பூக்காரியைப் பற்றி அவர் பேசவில்லை.

மே ஒன்றாம் தேதி அந்த அம்மாள் வந்தார். சொன்ன சொல்லுக்குத் தலை நிறைய மல்லிகை. மேடைப் படிக்குப் பக்கத்தில், பெண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. மைக்கில் போய், “பல வருஷமா இந்த மேடையில பாடினவர், இன்னிக்கு முதல்முறையாப் பாடறார்” என்று அறிவித்தேன். கூட்டத்துக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கியது.

ஃபிட்டர் தன் குரலில் பாடினார். தப்பில்லை. சுருதி விலகவில்லை, தாளம் தவறவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று, ஐயப்பன்தாங்கல் வண்டி போய்விட்டதா என்று கேட்கிறவர் குரலைப் போல இருந்தது. கேட்டதும் மறந்துபோகும் குரல். முதல் சரணத்திலேயே ஜனங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். சுண்டல்காரரின் சத்தம் பாட்டுக்கு மேலே கேட்டது. முடிந்தபோது கைதட்டல் இருந்தது, எல்லோருக்கும் விழுகிற கைதட்டல். உடனே பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். “அண்ணாத்தே, நீ போய் குந்து. அக்காவ அனுப்பு.”

மைதானம் சிரித்தது. “அக்கா, அக்கா” என்று பல குரல்கள் சேர்ந்துகொண்டன. ஃபிட்டர், தன் மனைவி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

அந்த நேரம் சங்கத்துச் செயலாளர் என் தோளைத் தொட்டார். தலைவர் கார் கொரட்டூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாம். கூட்டம் எழுந்துவிடாமல் இன்னும் ஒரு பாட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்த ஆவடிப் பெண்ணைப் பார்த்தேன். அது தண்ணீர் குடித்துக்கொண்டே, “அவங்க கேக்கறது என்னை இல்ல சார்” என்றது.

நான் படியிறங்கினேன். ஃபிட்டர் தன் மனைவியின் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எப்டி இருந்துச்சு?” என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

அந்த அம்மாள் யோசித்துத்தான் சொன்னார். “நல்லாத்தான் கீது. ஆனா இந்தக் குரலைத்தான் நான் தெனம் கேக்கறேனே. கொழம்புல உப்பு இல்லன்னு சொல்ற குரல்தானே இது. இதுக்கா இம்மா பூவ வெச்சிகினு இம்மா தூரம் நடந்து வந்தேன்?”

நான் செயலாளர் சொன்னதைச் சொன்னேன். ஃபிட்டர் மறுத்துத் தலையை ஆட்டினார். “வேணாம் மாமே. இவ குந்திகினு கீறா. நான் சொல்லிட்டேன், இன்னிக்கு அந்தக் குரல் இல்ல.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “ண்ணா, இவரு கெடக்கறாரு. அவளைக் கூப்பிடுங்க.”

“எவள?” என்றார் ஃபிட்டர்.

“அவளத்தான். எத்தினி வருஷமா என் ஊட்டு சோத்தத் தின்னுகினு கீறா. ஒரு தபா மொகத்தப் பாக்க வேணாமா?”

நான் மேலே போனேன். அன்றைக்கு என் வாயில் நீளமாக எதுவும் வரவில்லை. “கேட்டீங்க இல்ல, வராங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை விட்டு நகர்ந்தேன். ஆவடிப் பெண் மராக்கஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபிட்டரின் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஃபிட்டர் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு தாலாட்டை எடுத்தார்.

முதல் வரிக்கு எப்போதும்போல விசில். இரண்டாவது வரிக்கு அது நின்றது. நான் மேடை ஓரத்தில் இருந்து பெண்கள் வரிசையைப் பார்த்தேன். பக்கத்தில் ஒருத்தி ஏதோ சொல்லிச் சிரிக்கப் போனாள். அந்த அம்மாள் அவள் கையில் ஒரு தட்டுத் தட்டி, “சும்மா கேளு” என்றார். பிறகு அவரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒரு புது ஆளை எடைபோடுகிற மாதிரி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணத்தின்போது மைதானத்து முனையில் கார் விளக்கு தெரிந்தது. செயலாளர் கையைத் தூக்கினார். ஃபிட்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார். மிச்சத்தை வேகமாக ஓட்டி, கார் மேடைக்கு வருவதற்குள் முடித்துவிட்டார். கோஷம் எழுந்தது. கைதட்டல் யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இருவரும் கிளம்பினார்கள். சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் நானும் போனேன். அந்த அம்மாள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

“ரெண்டாவது சரணத்துல அவளுக்கு மூச்சு வாங்குது.”

“கார் வந்துட்ச்சு. ஓட்ட வேண்டியதாப் பூட்ச்சு” என்றார் ஃபிட்டர்.

“கார் கெடக்குது. பழக்கம் பத்தல. ஏரிக்கர பனில குந்திகினு பாடினா இப்டித்தான். நாளையிலேர்ந்து ஊட்லயே பாடச் சொல்லு அவள.”

ஃபிட்டர் பெடலை மிதித்தார். மணி அடிக்க ஆள் யாரும் குறுக்கே வரவில்லை, ஆனாலும் தெருமுனை வரை அடித்துக்கொண்டே போனார்.

மே மாதக் கடைசியில் ஏரிக்கரையில் எருமைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். “இன்னா நைனா, அந்தப் பொம்பள சத்தத்தையே காணோம். ஏதாவது ஆயிப்பூட்ச்சா?”

ஒன்றும் ஆகவில்லை, வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்றேன்.

“அப்பாடா” என்று சொல்லிவிட்டு அவர் எருமைகளின் பக்கம் திரும்பிப் போனார்.