சண்முகத்தாயின் காதிரைச்சல்

கால் புண்ணுக்காகச் சென்ற வாரம் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஊசி போட வந்த சிறு பெண், மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "ஐயா, இதுக்கு முன்னாடி ஏதாச்சும் மருந்து ஒத்துக்கிடாமப் போயிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள், ஸ்பிரிட் வாசனை மட்டும் கட்டிலைச் சுற்றி நின்றது. அந்த வாசனையும் அந்தக் கேள்வியும் சேர்ந்தால் எனக்கு ஆமத்தூர்ப் பக்கத்து வகுப்பறைதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. அரசு மருந்தாளுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு சிறிய நர்சிங் பள்ளியில் மருந்தியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாம் சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். பட்டாசுக் கம்பெனியில் தாய் தகப்பன் சம்பாதித்துப் படிக்க வைத்த பெண்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர்கள் பள்ளியில் தமிழில் படித்தவர்கள். அதனால் நான் மருந்துகளுக்கு உறவுமுறை கட்டி நடத்தினேன். பென்சிலினும் செஃபலோஸ்போரினும் பங்காளிகள். ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு மற்றதைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேள். டெட்ராசைக்ளின் சிறு பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கும், கர்ப்பிணிக்கும் ஆகாது. எரித்ரோமைசின் வயிற்றைப் புரட்டும். எதை ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்த விடாதே. இதையெல்லாம் பாட்டு மாதிரி சொல்வார்கள். என் வகுப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

முன்வரிசையில் முத்துமாரி. தாயில்பட்டிப் பெண். சந்தேகம் கேட்காமல் ஒரு வகுப்பைக்கூட விடமாட்டாள். அவள் அம்மா சண்முகத்தாய் சரவெடி பின்னுகிறவர். கம்பெனி லீவு விட்டால் காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்து, வகுப்பு முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பங்காளிக் கதை காதில் விழுந்து உரக்கச் சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுலதான் பங்காளிச் சண்டைன்னு நெனச்சேன் சார். மருந்துக்குள்ளயுமா?"

முத்துமாரி தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா, சும்மா இரும்மா!"

"நீ சும்மா இரு. சார், அவளுக்கு வெளங்குதோ இல்லியோ, எனக்கு வெளங்கிருச்சு."

அப்படியொரு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொள்ளாத சிரிப்பு. பாடம் நடத்தும்போது அதற்காகவே சில நாள் நான் ஜன்னல் பக்கம் பார்த்ததுண்டு.

சண்முகத்தாய்க்குக் காசநோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் நெருக்கியது. இருமல் நின்றிருந்தது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வந்தபோது மாத்திரையோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்ந்தது. மறுமுறை வந்த காசநோய்க்கு அப்போது அதுதான் முறை.

அந்த நாட்களில்தான் அமினோகிளைகோசைடு பாடம் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் எல்லாம் அந்தக் குடும்பம். "காதையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கணும். காது இரைகிறது, தலை சுற்றுகிறது என்றால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லணும்" என்று நடத்தினேன்.

முத்துமாரி எழுந்தாள்.

"சார், எங்கம்மா காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்குங்கா. அதுவும் இதுதானா சார்?"

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம். எனக்குப் பசி.

"ஏம்மா, பட்டாசு ஊர்ல காது இரையாதவங்க யாரு? தினமும் சாம்பிள் வெடி வெடிக்கிறாங்களே, அதுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினா காரணம்?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. முத்துமாரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அந்த ஊர்களில் காது இரைச்சலை யாரும் நோயாக எண்ணுவதில்லை. படித்த நானும் எண்ணவில்லை, அதுவும் பாடத்தைச் சொல்லி முடித்த வாயோடு. இதற்குமேல் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சில வாரம் கழித்து அவள் என் மேஜைக்கு முன் வந்து நின்றாள். "சார், அம்மாவுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா." அன்றே டாக்டரிடம் காட்டினோம். ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றினார்கள். நோய் குணமானது. கேட்கும் திறன் திரும்பவில்லை.

முத்துமாரி அதன் பிறகும் வகுப்புக்கு வந்தாள். அதே முன்வரிசையில்தான் உட்கார்ந்தாள், எல்லாம் எழுதிக்கொண்டாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். சந்தேகம் மட்டும் கேட்கவில்லை. "ஏதாவது கேட்கணுமா?" என்று அவளைப் பார்த்தே கேட்பேன். "இல்ல சார்" என்பாள்.

அவள் படிப்பு முடிந்த பிறகு தாயில்பட்டிக்குப் போனேன். வாசலில் சண்முகத்தாயும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்றார். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். உங்கள் மகள் கேட்டாள், நான் கேலி பேசிவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று.

அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார்.

பெண்கள் பசைக்கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். வகுப்பின் கடைசி வரிசைவரை எட்டிய குரல் என்னுடையது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்!" என்று கத்தினேன்.

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்தார். அதே சிரிப்பு.

இப்போது காசநோய்க்கு அந்த ஊசியை அப்படிப் போடுவதில்லை. பள்ளி இருந்த கட்டடத்தில் அட்டைப்பெட்டிக் கம்பெனி நடக்கிறது. முத்துமாரி ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். சண்முகத்தாய் போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.